பற்றுச் சோதனை

காலை பதினொன்றே காலுக்கு அவர்களுடைய முறை. ஹவுராவிலிருந்து படகில் கடந்து, பவானிபூருக்குப் பஸ் பிடித்து, நாகரத்தினமும் அவள் கணவரும் முன்னதாகவே வந்து சோதனை அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டிருந்தார்கள். அது சட்டம்.

தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை பச்சையாக இருந்தது. மனம் அசைந்தால் அது மஞ்சளாகும். பற்று என்று கண்டால் சிவப்பாகும். பயத்தை அது கண்டுகொள்ளாது. பயத்துக்கு அனுமதி உண்டு.

சோதனையில் சிவப்பு வந்தவர்களை ஜன்னல் அடைத்த ரயிலில் அனுப்பினார்கள். நாகரத்தினத்தின் தெருவுக்குத் திரும்பி வந்தவள் மாடி வீட்டு பூர்ணிமா ஒருத்திதான். வந்த அன்று தன் புருஷனிடம், குளியலறை எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கேட்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் இவர்கள் வீட்டில் பயிற்சி தொடங்கியது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் அவர் அவள் முன்னால் உட்காருவார். கையைப் பிடிப்பார். கண்ணைப் பார்ப்பார். "இன்னைக்கு லேத்துல என் கை மாட்டிக்கிச்சு" என்பார். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தமாட்டாள்.

"பச்சைதான்" என்பாள்.

"என் மூஞ்சியப் பாத்தா உனக்கு என்னைக்கு மஞ்சளாச்சு? கல்யாணத்தன்னைக்கே பச்சைதான்."

சிரிக்கக்கூடாது. அதையும் பழகியிருந்தார்கள்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டு மேக்னா வெளியே வந்தாள். அவள் புருஷன் பின்னால் வந்தான். இருவருக்கும் பச்சை. நாகரத்தினத்தைக் கடக்கும்போது மேக்னா செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்து, வங்காளத்தில் மெல்லச் சொன்னாள்.

"கையெல்லாம் பிடிக்கச் சொல்றதில்ல தீதி. இப்போ மாத்திட்டாங்க. ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லணும். அவ்வளவுதான், சுலபம்."

அவள் போய்விட்டாள்.

நாகரத்தினம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் வங்காளம் புரியும். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

எல்லாவற்றையும் பழகியிருந்தார்கள். இதைப் பழகவில்லை. பழகவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. ஏங்க என்பாள், இந்தாங்க என்பாள். வெளியே போனால் எங்க வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினாள்.

"ஒரு தடவ சொல்லிப் பாரு" என்றார் அவர், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

"முடியாதுங்க."

"மருதமுத்து. அவ்வளவுதான். சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்கு முன்பே மணிக்கட்டில் மஞ்சள் படர்ந்தது. முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"நானுன்னு நெனைக்காத. தண்ணி லாரிக்காரன் பேருன்னு நெனச்சுக்க."

"அவனுக்கு உங்க பேரை வச்சா அவனையும் எப்படிங்க கூப்பிடறது?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருடைய பட்டையும் மஞ்சளுக்குப் போய்த் திரும்பியது.

உள்ளேயிருந்து மணி அடித்தது.

அறையில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். அதிகாரியின் பெயர்ப்பலகையில் சீதாராமன் என்று இருந்தது. தமிழ்ப் பெயரைக் கண்டதும் அவளுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. இருவரின் பட்டைகளையும் மேஜையிலிருந்த கருவியோடு கம்பியால் அவரே இணைத்தார்.

"தமிழ்லயே பேசலாம். எனக்குக் கொஞ்சம் பாங்லா கலந்து வரும், பாத்துக்கோங்கோ" என்றார். பிறகு அவள் கணவரிடம், "எதிர்ல இருக்கறவா பேர்?"

"நாகரத்தினம்."

ஸ்டேஷன் பலகையைப் படிப்பதுபோலச் சொன்னார். பச்சை. வீட்டில் அவர் ரத்தினம் என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரல் அவ்வளவு தட்டையாக வந்ததில் அவள் நெஞ்சு ஒரு பக்கமாக இழுத்தது. மூச்சை மெல்ல விட்டாள். வெண்டைக்காயை நினைத்தாள். பச்சை நின்றது.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"எங்காத்துல அம்மா கடைசிவரைக்கும் அப்பா பேரைச் சொன்னதில்லை. போன வருஷம் அம்மாவுக்கும் இதே நாற்காலிதான். அப்பா எதிர்ல உக்காந்திருந்தார். பேரைக் கேட்டதும் அம்மாவுக்குச் சிவப்பு வந்துடுத்து." அதிகாரியின் மணிக்கட்டிலும் பட்டை பச்சையாகவே இருந்தது. "கையைப் பிடிக்கறதை எல்லாரும் வீட்டுல பழகிண்டு வந்துடறா. அதான் நான் கேள்வியை மாத்தச் சொன்னேன்."

மேஜைக்கு அப்பால் அவள் கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யாரோ பூட்ஸ் காலை நகர்த்தினார்கள்.

"சொல்லுங்கோம்மா. எதிர்ல உக்காந்திருக்கறவர் பேர் என்ன?"