ரப்பர் வைத்த ஜன்னல்

சீனாவின் நடுவே ஓடும் ஆற்றுக்கு வடக்கே இருப்பவனுக்குத்தான் குளிரும், தெற்கே இருப்பவனுக்கு எலும்பே கிடையாது என்று எந்தப் புண்ணியவானோ எப்போதோ முடிவு செய்துவிட்டான். வடக்கில் அறையைச் சூடாக்க வீட்டுக்கு வீடு அரசாங்கச் சுடுநீர்க் குழாய். தெற்கே ஹூனானில் அதெல்லாம் கிடையாது. குவாங் ஷௌரென் வீட்டில் கோடையில் சுவரைத் தொட்டால் கை சுடும். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளும் தெருவிலும் ஒரே குளிர்தான்.

அவருடைய ஒரே மகள் யுன்ஷியா கல்யாணமாகி வடக்கே ஷென்யாங் போய்ப் பதினோரு வருடம். அங்கே வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டை போதும். புத்தாண்டுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றாமலேயே சாப்பிடுவாள். அப்பாவும் அம்மாவும் மேசைக்கு அடியில் கரிச்சட்டியை வைத்து, மேசைமேல் ரஜாயைப் போர்த்தி, அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருக்கும்.

"தெருவுக்கா குளிர்காய வைக்கிறீங்க?" என்று கேட்பாள் யுன்ஷியா.

"சாத்தினா மூச்சு முட்டுதுடி. நீ வடக்கத்திக்காரி ஆயிட்ட, உனக்கு எங்க தெரியும்?" என்பாள் அம்மா ஹுய்லான்.

போன புத்தாண்டின்போது அம்மாவின் கை வெடிப்புகளைப் பார்த்த யுன்ஷியாவுக்கு மனசு ஆறவில்லை. ஆள் வைத்து எல்லா ஜன்னல்களையும் மாற்றினாள். இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர், எறும்புகூட நுழையாது. கோடையில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் தரும் ஏ.சி. ஒன்றும் மாட்டினாள். கரிச்சட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கோடை வந்ததும் அதே அப்பா அக்கம்பக்கத்தில் பெருமை அடிக்க ஆரம்பித்தார். "எங்க வீட்டுக்கு வந்து பாரு. சட்டைக்கு மேல சட்டை கேப்ப. எல்லாம் என் பொண்ணு வேலை." இதை அம்மா போனில் சொன்னபோது யுன்ஷியாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் அப்பாவிடம் அவள் வாங்கிய முதல் பாராட்டு அது.

அந்தக் குளிர்காலத்தில் மழை கீழே விழுந்ததும் உறைந்தது. மின்கம்பிகள் பனிக்கட்டி சுமந்து அறுந்து விழுந்தன. ஊருக்கே கரண்ட் இல்லை. ஏ.சி. சுவரில் சும்மா கிடந்தது. மூன்றாம் நாள் ஷௌரென் சந்தைக்குப் போய்ப் புதுக் கரிச்சட்டி ஒன்றும் கரியும் வாங்கி வந்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத, ஆடித் தீர்த்துடுவா" என்று மனைவியிடம் சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு யுன்ஷியா போன் செய்தாள். அப்பா குடிதண்ணீர் வரிசைக்குப் போயிருந்தார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கோம். ரஜாய்க்குள்ள உக்காந்திருக்கேன்."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் தெருவின் இரைச்சல் கேட்டது. யாரோ மண்வெட்டியால் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். யுன்ஷியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கியா? கரண்டே இல்ல, இருக்கிற சூட்டையும் வெளிய விட்டா எப்படி? எதுக்கும்மா நான் அந்த ஜன்னலைப் போட்டேன்?"

"கொஞ்சூண்டுதான்டி."

"கொஞ்சூண்டும் வேணாம். நான் லைன்லயே இருக்கேன். இப்பவே சாத்து."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம். பிறகு தெரு இரைச்சல் வெட்டினாற்போல் நின்றது.

"சாத்திட்டேன். போதுமா, மகாராணி?"

"போதும்" என்றாள் யுன்ஷியா. அன்று முழுதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஷௌரென் தண்ணீரோடு திரும்ப மத்தியானம் ஆனது. மனைவி மேசையில் தலை சாய்த்திருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. இந்தக் குளிரிலும் முகத்தில் ரத்தம் ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு, தூக்கம் கலையாதபடி வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே தலை சுற்றியபோதுதான், சாத்திய அறைக்குள் கரியின் விஷக்காற்று என்று புத்தியில் உறைத்தது.

ரயில்கள் வழியிலேயே நின்றுபோனதால் யுன்ஷியா வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கரியை மூட்டினது நான்தான். ஆனா ஜன்னலைத் திறந்து வெச்சிட்டுத்தான் போனேன். இல்ல, திறக்கலையோ என்னவோ. வயசாச்சு, ஞாபகம் நிக்க மாட்டேங்குது. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

"விதி, வேறென்ன. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு அப்பா ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார், சாத்தினார், மறுபடி திறந்தார். அந்தக் காலையில் தன் கை என்ன செய்தது என்று கையிடமே கேட்பதுபோல் இருந்தது. யுன்ஷியாவால் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது, தெரிந்தவளும் போய்விட்டாள். ஆனால் செய்யாத பாவத்தை அப்பா சாகும்வரை தேடிக்கொண்டே இருப்பார்.

"நீங்க திறந்துதான் வெச்சிருந்தீங்கப்பா. நான்தான் போன்ல சாத்தச் சொன்னேன். கரி இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அப்பாவின் கை கைப்பிடியிலேயே நின்றது. திட்டட்டும், ஓங்கி ஒரு அறை விடட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் முப்பது தடவ சொன்னாலும் காதுல வாங்க மாட்டா" என்றார் கடைசியில். "நீ ஒரு தடவ சொன்னாப் போதும் அவளுக்கு."