சரிங்கண்ணா

ஜெபமணிக்குக் காது அடைத்துக்கொண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை; வயது ஐம்பத்தாறு. முதலில் இடது காது, பிறகு வலது. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பதுபோல எல்லார் பேச்சும் எங்கோ தூரத்தில் முணுமுணுத்தது. பட்ஸ் போட்டுக் குடைந்தாள். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தாள். அடைப்பு இன்னும் கெட்டியானதுதான் மிச்சம்.

யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ஐம்பது தாண்டியதும் காது போனது. ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். கத்திக் கத்திச் சலித்து, அப்புறம் பேச்சையே விட்டுவிட்டார்கள். சாகும்வரை பத்து வருஷம் சாப்பாட்டுத் தட்டை மட்டும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். தனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று ஜெபமணி தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அதனால் உதட்டைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, சிரிக்கிற இடத்தில் சிரித்து, மற்ற இடத்தில் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிச் சமாளித்தாள்.

போனில்தான் முகம் தெரியாது.

அண்ணன் சத்தியசீலன் அன்னூரில் தனியாக இருந்தார். மனைவி இறந்து ஆறு வருஷம்; பிள்ளைகள் இல்லை. வாரம் ஒரு தடவை தங்கையைக் கூப்பிடுவார். சாப்பிட்டாயா, மழை பெய்ததா, முழங்கால் வலி தேவலையா என்று எப்போதும் அதே கேள்விகள்தான். அந்த வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிட்டபோதும் ஜெபமணி அதையேதான் எதிர்பார்த்தாள். "அம்மணி" என்று அவர் ஆரம்பித்தது மட்டும் பிடிபட்டது. மற்றதெல்லாம் ஒரே முனகல். அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் "சரிங்கண்ணா" என்றாள். வழக்கத்தைவிட நீளமாகப் பேசுகிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் "சரிங்கண்ணா, சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கத்தன்று அண்ணனின் பக்கத்து வீட்டு ராமாமணி ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே என்னவோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். ஜெபமணியும் அழுதுகொண்டே தலையாட்டினாள். சாவு வீட்டில் யாரிடம் எதைத் திருப்பிக் கேட்பது?

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் கூட வேலை பார்க்கும் சைத்ராதான் கண்டுபிடித்தாள். மேசைமேல் போன் அடித்து அடித்து ஓய, பக்கத்திலேயே ஜெபமணி பேசாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே சைத்ரா தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு காது டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நந்திதா இரண்டு காதிலும் கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு ஜெபமணியின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, வெறும் குறும்பிதான். பட்ஸ் போட்டு நீங்களே உள்ள தள்ளி வெச்சிருக்கீங்க. சொட்டு மருந்து விட்டு ஊற வெச்சு, தண்ணி பீச்சி அலசி எடுக்கலாம். ஆனா சின்ன வயசுல செவிப்பறை ஓட்டையாச்சுன்னு சொல்றீங்க, அதனால தண்ணி வேண்டாம். மைக்ரோஸ்கோப்ல பாத்துக்கிட்டே உறிஞ்சி எடுத்தரலாம்."

மெல்லிய குழாய் காதுக்குள் புகுந்தது. மண்டைக்குள் புயல் அடிப்பதுபோல ஒரு இரைச்சல். கொஞ்சம் தலைசுற்றியது. இடுக்கியால் கடைசியாக ஒன்றை உருவி எடுத்து டாக்டர் தட்டில் வைத்தார். புளியங்கொட்டை நிறத்தில் ஒரு கட்டி.

"முடிஞ்சுதுங்க" என்றார். அந்தக் குரல் அவ்வளவு கிட்டத்தில் விழவும் ஜெபமணி திடுக்கிட்டாள்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதாங்க. இதுக்குப் போயி நாலு மாசமா?"

வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவிநாசி ரோட்டின் அத்தனை ஹாரன்களையும் கேட்டுக்கொண்டே வீடு வந்தாள். ஒரு சத்தம்கூட எரிச்சலாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை, அண்ணன் வீட்டை ஒதுங்க வைக்க அன்னூர் போனாள். சாவி ராமாமணியிடம் இருந்தது.

"ஆபரேசன் பண்ணியிருந்தா மனுசன் இருந்திருப்பாருங்க" என்றாள் ராமாமணி, கதவைத் திறந்துகொண்டே.

"என்ன ஆபரேசனுங்க?"

ராமாமணி திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, அடக்கத்தன்னிக்கே சொன்னனுங்களே! நீங்களும் தெரியும்ங்கற மாதிரி தலையாட்டுனீங்க."

"இன்னொருக்கா சொல்லுங்க."

"நெஞ்சுல அடைப்பு இருக்குது, சீக்கிரமா ஆபரேசன் பண்ணோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. உங்கண்ணனுக்கு ஒரே பயம். தங்கச்சியக் கேட்டுட்டுத்தான் எதுவும்னாரு. போன்ல உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாராமா. 'ஞாயித்துக்கெழம வரச் சொன்னேன், சரிங்கண்ணான்னுட்டா'ன்னு அத்தன சந்தோசம். நீங்க வந்து பூட்டுன ஊட்டப் பாத்துரக்கூடாதுன்னு சர்ச்சுக்குக்கூடப் போகல. இஸ்திரி போட்ட சட்டையோட மூணு மணி வரைக்கும் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தாருங்க. ஒரு போன் பண்ணுங்கன்னு நாந்தான் சொன்னேன். அவளுக்கு என்ன சோலியோ, தொந்தரவு பண்ண வேண்டாம்னுட்டாரு."



"எனக்குக் கேக்கலீங்க" என்றாள் ஜெபமணி.

ராமாமணிக்கு விளங்கவில்லை. ஜெபமணி காது அடைத்ததையும், மறைத்ததையும், தலையாட்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ராமாமணி சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள்.

"கேக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ஜெபமணிக்கு இருந்தது.

"அன்னிக்கு என்ன சமைச்சு வெச்சிருந்தாருங்க?"

"கோழிக் கொழம்புங்க. சாயங்காலம் பாதிக்கு மேல எனக்குத்தான் குடுத்தாரு. காரம் கொறச்சலா இருந்துச்சு. ஏனுங்கன்னு கேட்டா, அவளுக்குக் காரம் ஆகாதுன்னாரு."

ஜெபமணி அண்ணனின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அழுகை நிற்க வெகுநேரம் ஆகும் என்று ராமாமணிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தண்ணீர் கொண்டுவரத் தன் வீட்டுக்குப் போனாள்.