முதுகில் நாலு கோடு

புருஷன் செம்மலின் முதுகில் நாலு சிவப்புக் கோடுகளைப் பார்த்த அன்று அழகிக்கு வயிறு பற்றி எரிந்தது. எவளோ கட்டிப்பிடித்து நகத்தால் கீறியது போலவே இருந்தது. அந்த எவளோ யாரென்று அவள் யோசிக்கக்கூட இல்லை. ஷர்லிதான். கீரமங்கலம் பூக்கடையில் செம்மல் எடை போடுகிறான், ஷர்லி பில் போடுகிறாள். போதாதா?

சாயங்காலமானால் காய்ச்சலோடு வருவான். சட்டையைக் கழற்றினால் கோடுகள். விடிந்தால் காய்ச்சலும் இருக்காது, கோடும் இருக்காது. காட்டிச் சண்டை போடக்கூட அத்தாட்சி இல்லையே என்று பொருமினாள்.

மத்தியானம் சாப்பிட வரும்போது முதுகு அரிக்கிறது என்பான். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சொறிந்துவிடுவாள். சொறிகிற வேலை பெண்டாட்டிக்கு, கொஞ்சுகிற வேலை இன்னொருத்திக்கு!

ஒருநாள் ஷர்லியே போன் செய்தாள். "அக்கா, அண்ணனுக்குக் காய்ச்சல் விட மாட்டேங்குது. புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஒனக்கென்னடி அம்புட்டு அக்கறை?" செம்மல் எதிரிலேயே கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

அண்ணனாம், அண்ணன்! சரி, போவோம். நகக்கீறல்தான் என்று டாக்டர் வாயாலேயே வரட்டும். அப்படியே ஆலங்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். துணிப்பையோடுதான் கிளம்பினாள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பினார். மத்தியானம் அங்கேயும் அவன் முதுகைச் சொறிந்துவிட்டாள். எல்லாம் முடிவதற்குள் சாயங்காலமாகி, காய்ச்சல் ஏறி, கோடுகளும் வந்துவிட்டன. அவர் பேனா மூடியால் முதுகில் புதிதாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தடமும் சிவந்து தடித்தது.

"பெரியவங்களுக்கு அபூர்வமா வர்ற அழற்சி நோய்ம்மா இது. காய்ச்சலோட தடிப்பும் வரும், போகும். முன்னாடி சொறிஞ்ச எடத்துலயும் காய்ச்சல் ஏறுறப்ப சொறிஞ்ச மாதிரியே வரும். யாரு சொறிஞ்சு விடுறது?"

"இவதாங்க. தெனம் மத்தியானம்," என்றான் செம்மல்.

அழகி தன் விரல்களைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் நகத்தைப் பார்த்தா வயிறெரிந்தோம்? நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. சிரிப்பே வந்துவிட்டது.

"அப்ப வேற ஒண்ணும் இல்லைங்களே டாக்டர்?"

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதயத்தச் சுத்தி நீர் கோத்துருக்கும்மா. இப்பவே அட்மிட் பண்ணணும். இதுக்கு மேல வேற என்ன வேணும்?"

செம்மல் மெல்லத் திரும்பி, அவள் முகத்தில் இன்னும் மிச்சமிருந்த சிரிப்பையும் மடியிலிருந்த துணிப்பையையும் பார்த்தான்.

"ஷர்லியோட நகம்னா நெனச்ச?" என்றான்.