நின்றிருந்த ஆறு நிமிடங்கள்

கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் இருக்கும் இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவர்தான் நிற்கலாம். மற்றவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எங்கள் மகளிர் கல்லூரி அணியில் பதினாறு வருடமாகத் தலைமைப் பயிற்சியாளர் நின்றார். துணைப் பயிற்சியாளரான நான் உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி. எனக்கு வைத்தது கணக்கு சார். காரணம், என் வேலை எண்ணுவது. யாருக்கு எத்தனை பவுல், நமக்கு இன்னும் எத்தனை டைம்-அவுட் என்று எண்ணி, இடியின் முதுகைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "சார், ரெண்டு இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "சார், ஒண்ணு இருக்கு." அவர் திரும்ப மாட்டார். தேவைப்பட்டால் ஸ்கோர் டேபிளைப் பார்த்து, கவிழ்த்த உள்ளங்கைக்கு அடியில் மறு கை விரல்களை முட்டிக் காட்டுவார். ஆட்டம் நிற்கும். ஒரு நிமிடம் எங்களுக்கு.

"உலகத்துலயே உக்காந்துக்கிட்டு விளையாட்டு சொல்லிக் குடுக்கற ஒரே ஆளு எங்க வீட்டுக்காரர்தான்" என்று என் மனைவி தன் அக்காவிடம் போனில் சொல்வாள், என் காதில் விழும்படியாக.

அந்த வருடத்தோடு இடிக்கு ஓய்வு. அவர் இடத்துக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். முதல்வர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் என் சான்றிதழ்கள் நான் அடுக்கிக் கொடுத்த வரிசை கலையாமல் இருந்தன. யாரும் புரட்டவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

"சார், உங்களப் பத்தி யாரும் ஒரு குறை சொல்லல. ஆனா கமிட்டில ஒரே கேள்விதான். இவரு தனியா ஒரு மேட்ச் நடத்தியிருக்காரான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

"இல்லைன்னுதான் மேடம் சொல்லணும்."

"அதத்தான் சொன்னேன்."

எனக்குத் தருவதா, வெளியிலிருந்து ஆள் எடுப்பதா என்று போட்டிகள் முடிந்ததும் முடிவு செய்வார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த முறை இல்லையென்றால் எந்த முறையும் இல்லை. இதை இடியிடமும் சொன்னேன். "ம்" என்றார்.

அரையிறுதிக்கு முதல்வர் அம்மாவும் கமிட்டிக்காரர் ஒருவரும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆறு நிமிடம் மிச்சம். இடி ஏற்கெனவே ரெஃப்ரீயிடம் கத்தி ஒரு டெக்னிக்கல் பவுல் வாங்கியிருந்தார். எந்த ஆட்டத்திலும் ஒன்று வாங்கியதும் அடங்கிவிடுவார். இரண்டாவது வாங்கினால் பயிற்சியாளர் வெளியேற வேண்டும். அன்று அடங்கவில்லை.

"ஏய்யா, கண்ண வீட்லயே கழட்டி வெச்சிட்டு வந்தியா?"

ரெஃப்ரீ விசில் ஊதினார். இடி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். "எந்திரிப்பா கணக்கு. நீதான்."

எழுந்தேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். முதல் சில விநாடிகள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. நிற்கிறவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார். உட்கார்ந்தே இருந்தவனுக்கு முழங்கால்தான் தெரியும். எந்த முழங்கால் வளைய மறுக்கிறது, எது இன்னும் தாவும் என்று பதினாறு வருடம் பார்த்தவன் நான். களைத்த இரண்டு முழங்கால்களை வெளியே எடுத்தேன். உள்ளே போன நெட்டைப் பெண்ணைக் கூடைக்கு அடியிலேயே நிற்கச் சொன்னேன். ஆளுக்கு ஆள் காவல் வேண்டாம், அவரவர் இடத்தைக் காத்தால் போதும் என்றேன்.

ஒன்பது, ஏழானது. நான்கானது. "கணக்கு சார் நிக்கறாருடி!" என்று யாரோ பெஞ்சில் கத்தினாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். இருபது விநாடி இருக்கும்போது ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். கமிட்டிக்காரர் எழுந்து நின்று கை தட்டியதைக் கண்ணால் பார்த்தேன்.

எட்டு விநாடி இருக்கும்போது எதிரணி கூடையில் போட்டது. ஒரு புள்ளி பின்னால்.

கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரத்தை நிறுத்துவார்கள்; நின்றிருந்தது. அந்த நேரத்தில் டைம்-அவுட் கேட்டால், எதிராளியின் பாதியிலிருந்தே பந்தை எடுத்து ஆடலாம். எட்டு விநாடி தாராளம். கேட்காவிட்டால் மைதானம் முழுக்க ஓட வேண்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கேப்டன் பந்தைக் கையில் எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

நான் இடப்பக்கம் திரும்பி, "சார், ஒண்ணு இருக்கு" என்றேன்.

அங்கே காலி நாற்காலி. அதன்மேல் இடியின் தண்ணீர் பாட்டில்.

அவர் கை காட்டட்டும் என்று காத்திருந்தேன். "சார், ஒண்ணு இருக்கு" என்று மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். ரெஃப்ரீ அவசரப்படுத்தினார். கேப்டன் பந்தை எடுத்து உள்ளே எறிந்தாள். வாங்கியவளை இரண்டு பேர் மறித்தார்கள்; அவள் நடுக்கோட்டைத் தாண்டும்போது மணி அடித்துவிட்டது.

உடைமாற்றும் அறையில் இடி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை வைத்தே முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது.

"எத்தன மிச்சம்?"

"ஒண்ணு சார்."

மற்ற ஷூவின் கயிற்றையும் அவிழ்த்தார். "பதினாறு வருஷத்துல நான் ரெண்டாவது டெக்னிக்கல் வாங்கிப் பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு வாங்கினேன்னு நெனைக்கற?"

ஷூவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பேருந்தில் கேப்டன் மட்டும் என் இருக்கைக்கு வந்தாள். "நான் உங்களத்தான் சார் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மனைவி ஒரு கிண்டலும் செய்யவில்லை. "சாப்பிடுங்க" என்றாள். அவள் கிண்டல் செய்திருக்கலாம்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. வெளியிலிருந்து எடுத்திருந்தார்கள். புதிய தலைமைப் பயிற்சியாளர் முப்பத்து மூன்று வயதுப் பெண். நல்ல மாதிரி. முதல் ஆட்டத்தில் நான் "மேடம், மூணு இருக்கு" என்றதும், "போர்டுலயே லைட்டு எரியுதே சார், நீங்க ஏன் சிரமப்படறீங்க" என்றார். மிச்சமிருக்கும் டைம்-அவுட்டுகளை விளக்கில் காட்டும் பலகையைக் கல்லூரி அந்த விடுமுறையில்தான் வாங்கியிருந்தது.

அன்று இருபது புள்ளி முன்னால் இருந்தோம். இனி எது செய்தாலும் கெட்டுப்போகாது என்கிற நிலை. "சார், எனக்குக் கால் வலிக்குது. கொஞ்ச நேரம் நீங்க நில்லுங்களேன்" என்று அவர் உட்கார்ந்தார். கால் வலியெல்லாம் இல்லை. அந்த அரையிறுதியைப் பற்றி அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எழுந்து கோட்டருகே போனேன். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றது. அடுத்து என்ன என்று கேட்க, அதே கேப்டன் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை என் இடுப்பைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. நாற்காலியில் இருந்தவர் விரலால் ஏதோ காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"ரெண்டு இருக்கு மேடம்" என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்றார், திரும்பாமல்.