எல்லாருக்கும் திறந்த ஃபோல்டர்

காலை பத்து மணியிலிருந்து அந்த ஒரே வரியைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் பூத்துப்போயிற்று. அனுமதி மறுக்கப்பட்டது. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

பாலங்களின் வரைபடங்களில் தப்பு பிடிப்பது அவன் வேலை. அந்தப் படங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வராது. வீட்டிலிருந்தே அதற்குள் நுழைய வேண்டும். இடுப்பெலும்பு உடைந்த அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்தார். இரண்டு வாரம் கூட இருந்து பார்த்துக்கொண்ட அக்கா இன்று காலையில்தான் பஸ் ஏறினாள். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மணிக்குள் நுழைந்து காட்டினால் வீட்டிலேயே வேலை, இல்லையென்றால் திங்கட்கிழமை ஆபீசில் இருக்க வேண்டும். அப்புறம் அப்பாவை யார் பார்ப்பது?

போனில் இருந்தவருக்கு ஆபீசில் வைத்த பெயர் பூட்டு. கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. வாய் சுலபத்தில் திறக்காது. திறந்தால் எதிராளி தாங்கமாட்டான்.

"நீ எதுலயாவது கை வச்சியா?" முதல் கேள்வியே அதுதான்.

"இல்லையே சார்."

பச்சைப் பொய். பூட்டு அவனுடைய சாவியை, அதாவது அந்தக் கம்ப்யூட்டர் அவனை அடையாளம் காணும் சிறு கோப்பை, இன்று காலைதான் அதிலுள்ள அவன் ஃபோல்டரில் போட்டார். நம்மாள் பொறுமையின் சிகரம் ஆயிற்றே, நேற்று சாயங்காலமே ஆபீசில் பக்கத்து மேஜையிலிருந்து தன் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தான். மறுத்தது. அனுமதி இல்லையா, இந்தா, ஊருக்கே அனுமதி என்று தன் மேஜைக்குத் திரும்பி, தன் ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று ஒரே கட்டளையில் திறந்துவிட்டான். இதைச் சொன்னால் மானம் கப்பலேறும். தவிர, திறந்துவிட்டதால் என்ன கெட்டுவிடப் போகிறது?

"டேய், கொஞ்சம் வாயேன்," என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"ஒரு நிமிஷம்பா."

பூட்டு அவன் பேச்சை நம்பி நெட்வொர்க்கைக் குடைந்தார், பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தார், சாவியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். மறுபடியும் அதே வரி. மணி பன்னிரண்டேகால்.

"டேய்..."

"இதோ வந்துட்டேன்பா, ஒரே நிமிஷம்!"

வேறு வழியில்லாமல் பூட்டு அந்தக் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தார்.

"உன் ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்து விட்டது யாரு?"

"நான்தான் சார். நேத்து."

"அட அறிவுக்கொழுந்தே! கண்டவனும் எழுதலாம்னா, அங்க இருக்கற சாவி உன்னோடதுதான்னு அது எப்படி நம்பும்? அதான் உள்ள விடமாட்டேங்குது. காலைலயே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷம். ரெண்டு மணி நேரம் என் உயிரை எடுத்தியே!"

திட்டிக்கொண்டே ஃபோல்டரை அவன் ஒருவனுக்கு மட்டும் என்று மாற்றினார். அவன் பட்டனைத் தட்டினான். அனுமதி கிடைத்தது, பாலங்கள் வரிசையாக வந்து நின்றன. மணி பன்னிரண்டு நாற்பது. மேனேஜருக்குச் செய்தியைத் தட்டிவிட்டு, தலைகால் புரியாமல் பக்கத்து அறைக்கு ஓடினான்.

"அப்பா, கிடைச்சிடுச்சு! இனிமே உங்க கூடவேதான்!"

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படுக்கை இடுப்பிலிருந்து கீழே நனைந்திருந்தது. நெஞ்சு வரை போர்வையை இழுத்து மூடப் பார்த்திருக்கிறார், கை எட்டவில்லை.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ போன்ல திட்டு வாங்கிட்டிருந்தே. அதான் அப்புறம் கூப்பிடலை."

அவனுக்கு உடம்பு கூசியது. பூட்டு திட்டியபோது இப்படி வலிக்கவில்லை. அலமாரியிலிருந்து வேறு விரிப்பை எடுத்தான், வெந்நீர் கொண்டுவந்தான், அப்பாவை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துத் துடைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் இருந்த அறையில் செய்தி வந்த சத்தம் கேட்டது. ஒரு மணிக்கே வேலையைத் தொடங்கச் சொல்லியிருப்பார்கள்.

"திங்கட்கிழமையிலேருந்து வீட்டுலதானே இருப்பே?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். இன்று காலை முழுக்கவும் வீட்டில்தானே இருந்தோம் என்று தோன்றியது.