மேப்பிள் இலைக் கோட்

தேவாலயப் பங்கு மண்டபத்தில், கண்காட்சிக்காகச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் றொஷினி நின்றுவிட்டாள். பஸ் தரிப்பில் காத்து நிற்கும் ஒரு பெண். அவளுடைய கோட் முழுக்கப் பதப்படுத்திய சிவப்பு மேப்பிள் இலைகள். சால்வைக்கு மஞ்சள் இலை. பையின் கனத்தில் ஒரு தோள் இறங்கியிருந்தது.

"அம்மா, இந்தப் பொம்பிளை நீங்கள்தானே?" என்று திரும்பியவள், "நீங்களே செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

எந்நேரமும் ஃபோனில் பிரெஞ்சில் கதைத்தபடி தாயைக் கடந்துபோகிறவள் அவள். அந்த வியப்பை மகளின் முகத்தில் மாக்கிரட் பல வருடங்களாகக் கண்டதில்லை. ஓம் என்று சொல்லிவிட்டாள்.

செய்தது வித்தியா. சென்ட் லோரன்டில் மருந்து பொதிசெய்யும் தொழிற்சாலையில் அவளும் மாக்கிரட்டும் அருகருகே நின்று வேலை செய்கிறவர்கள். ஒக்டோபரில் ஒரு ஞாயிறு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள மரத்தோப்புக்குப் போய் இரண்டு பை நிறைய இலை பொறுக்கி வந்தார்கள். இலைகளைப் பதப்படுத்த இடையில் வைக்கும் பேப்பரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தாள் வித்தியா. மாக்கிரட் மறந்துபோனாள், அவளுடைய இலைகளெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்தன. வித்தியா சைவக் கோவிலுக்குப் போகிறவள், பங்கில் யாரையும் தெரியாது. சனிக்கிழமை வேலை இருந்ததால், கண்காட்சியில் வைக்கும்படி படத்தை மாக்கிரட்டிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

றொஷினி அன்றைக்கே ஒரு அட்டையில் தாயின் பெயரை அழகாக எழுதிப் படத்தின் கீழே ஒட்டினாள். தடுக்க அப்போதும் நேரம் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்த நேரம் வித்தியா வந்தாள். வேலைக்குப் போடும் குளிர் ஜக்கெட்டில் இல்லை, சேலை கட்டியிருந்தாள். தன் படத்தைப் பார்க்கவென்றே உடுத்தி வந்திருக்கிறாள் என்று மாக்கிரட்டுக்கு விளங்கியது. வித்தியா அட்டையை வாசித்தாள். றொஷினி ஓடிப்போய், அன்ரி, எப்படி இருக்கு என்று கேட்டாள்.

"வடிவா இருக்கு. அம்மா மூண்டு கிழமை கஷ்டப்பட்டு செய்தவ," என்றாள் வித்தியா.

மாக்கிரட்டைப் பார்க்காமல், தேநீரும் குடிக்காமல் போய்விட்டாள். அவள் ஏசியிருந்தால் மாக்கிரட்டால் தாங்கியிருக்க முடியும்.

காரில் மாக்கிரட் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபத்தில் ஏன் ஓம் என்று சொன்னேன் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. றொஷினி யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டு சிவப்பு விளக்குகள் கடந்த பிறகுதான் கேட்டாள்: "அவவுக்குத் தெரிஞ்சும் ஏன் அப்பிடிச் சொன்னவ?"

மாக்கிரட் காரைத் திருப்பி மண்டபத்துக்குப் போனாள். அட்டையைக் கிழித்து, படத்தைக் கழற்றி, அங்கே நின்றவர்களிடம் இது என்னுடையதல்ல என்றாள். யாரோ சிரித்தார்கள். றொஷினி காரை விட்டு இறங்கவில்லை.

வித்தியா தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது இன்னும் அதே சேலையில்தான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் தரை முழுக்கப் பேப்பர் விரித்து, அடுத்த படத்துக்கான இலைகள் பரவியிருந்தன.

"வித்தியா, நான்..." என்று மாக்கிரட் படத்தை நீட்டினாள்.

நடைபாதைக் காற்று உள்ளே புகுந்து இலைகளைக் கலைத்தது. வித்தியா படத்தை வாங்கவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. குந்தியிருந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். ஒரு மஞ்சள் இலை வாசற்படியைத் தாண்டி மாக்கிரட்டின் சப்பாத்தடியில் வந்து நின்றது. காலை அசைத்தால் நொறுங்கிவிடுமென்று, படத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவள் அசையாமல் நின்றாள்.