இடது விலா

பங்குனி வெயிலில் சினைப்பசுவின் மேல் சாக்கைப் போர்த்திக் கூட்டிவந்த அன்னக்கிளியை, சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சுலைமான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, மாட்டுக்குக் குளிருதா?"

"ஈ மொய்க்குதுய்யா."

குருவிகுளம் பக்கமிருந்து நடந்தே வந்திருந்தாள். ஐந்து நாளாகத் தீவனம் தொடவில்லை, முதுகை வளைத்துக்கொண்டு முனகுகிறது என்றாள். சாக்குக்கு அடியில், இடது விலாவில், அவளே போட்ட சூடு இருந்ததை மட்டும் சொல்லவில்லை. வயிறு உப்பினால் அரிவாளைக் காய்ச்சி இழுத்துவிடுவது அவள் வீட்டு வழக்கம். போன வருசம் அதற்காக டாக்டர் வேல்சாமியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். இனிச் சூடு போட்ட மாட்டோடு இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

டாக்டர் நெஞ்சுக்குக் கீழே அழுத்தினார். பசு முனகியது. கழுத்தில் ரத்தம் எடுத்து, குழாயில் மருந்தோடு கலந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே வீக்கமோ சீழோ இருந்தால் ரத்தம் சீக்கிரம் கட்டிவிடும், இல்லையென்றால் கால்மணி நேரம் ஆனாலும் தண்ணீராய் ஓடும் என்றார். நான்கே நிமிடத்தில் கட்டிவிட்டது.

கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கும், இடது விலாவை அறுத்துத்தான் எடுக்கவேண்டும், எட்டு மாதச் சினை தங்குமா என்று சொல்வதற்கில்லை என்றார். மயிரை மழிக்கச் சுலைமான் கத்தியோடு வந்தார். அன்னக்கிளி சாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சார், சூடு போட்டிருக்கேன். நாலு நாளாச்சு."

டாக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். வையவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ரத்தம் கம்பிக்குக் கட்டுச்சா, உன் சூட்டுக்குக் கட்டுச்சான்னு நான் எதை வச்சும்மா சொல்லுவேன்? சீழ் பிடிச்ச தோல்ல கத்தி வைக்கவும் முடியாது."

புண் ஆறும்வரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மண்ணை மேடாக்கி, கம்பி இருந்தால் நெஞ்சுப் பக்கம் நகராதபடி, முன்கால் உயர்ந்து நிற்குமாறு பசுவைக் கட்டினாள். ஊருக்குப் போகாமல் அங்கேயே கிடந்தாள். ஒவ்வொரு நாளும் புண் காய்ந்துகொண்டு வந்தது. பசுவும் மெலிந்துகொண்டே வந்தது.

ஒன்பதாம் நாள் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கட்டிவிட்டது. பசு படுத்த இடத்திலிருந்து எழவில்லை.

"தோல் ஆறிருச்சுல்லா சார், அறுங்க."

"கம்பிதான். ஆனா இப்பம் தாங்காதும்மா."

"அன்னைக்கு?"

டாக்டர் ரத்தக் குழாயைக் கீழே வைத்தார்.

"தாங்கியிருக்கும்."

அன்னக்கிளி தலையை ஆட்டினாள். பசுவின் பக்கத்தில் உட்கார்ந்து அடிவயிற்றில் கை வைத்தாள். உள்ளே கன்று புரண்டது. சுலைமான் வந்து கூப்பிட்டும் அவள் கையை எடுக்கவில்லை.